குரங்கு டாக்டரம்மா

விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மைகளுக்கு வண்ணம் தீட்டுவது என் வேலை. போன வருடம் என் ஆறு வயது மகள் கயல் எப்போதும் சோர்ந்தே கிடந்தாள். சோம்பேறி என்று நானே அவளைத் திட்டியிருக்கிறேன்.

கோடை விடுமுறையில் சென்னைக்குப் போய் உயிரியல் பூங்காவைப் பார்த்தோம். குரங்குக் கூண்டருகே ஒரு பெண் டாக்டர் வாழைப்பழத்துக்குள் மாத்திரை வைத்துக்கொண்டிருந்தார். கயல் என் காலடியில் உட்கார்ந்து மண்ணைக் கிள்ளி வாயில் போட்டாள். அவர் பார்த்துவிட்டார்.

"பாப்பாவோட கீழ் இமைய லேசா இழுத்துக் காட்டுங்கம்மா."

இழுத்தேன். உள்ளே வெளுத்துக் கிடந்தது.

"மூலையில இருக்கே, அந்தக் குரங்குக்கும் இப்படித்தான் வெளுத்திருந்துச்சு. வயித்துல புழு."

எனக்குச் சுருக்கென்றது. "எம்பொண்ண கொரங்கோட சேத்துப் பேசுறீங்களே!"

அவர் கோபப்படவில்லை. "தப்பா நினைக்காதீங்க. நான் குரங்கு டாக்டர், பாப்பாவுக்கு மருந்து தர முடியாது. ஊருக்குப் போனதும் ஆஸ்பத்திரியில காட்டுங்க, தள்ளிப்போடாதீங்கம்மா."

கயலைத் தூக்கிக்கொண்டு நகர்ந்துவிட்டேன். ஆனால் அந்த வெளுப்பு மனதை அரித்தது. ஊர் திரும்பியதும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். மலத்தைச் சோதித்ததில், குடலில் ரத்தத்தை உறிஞ்சும் கொக்கிப்புழு இருப்பது தெரிந்தது.

"ரத்தம் ரொம்பக் கொறைஞ்சிருக்குது. நல்ல நேரத்துல கூட்டிட்டு வந்தீங்க" என்றார் அங்கிருந்த டாக்டர்.

மாத்திரையும் டானிக்கும் கொடுத்த பிறகு மெல்ல மெல்ல அவள் கன்னத்தில் நிறம் ஏறியது. இப்போது அவள் போடும் ஆட்டத்தில் வீடு இரண்டுபடுகிறது.

அந்த டாக்டரம்மாவின் பெயரைக்கூட நான் கேட்கவில்லை. என் மனம் நோகுமே என்று நினைத்திருந்தால் அவர் பேசாமலே இருந்திருக்கலாம். நல்லவேளை, பேசினார்.