பூ வைக்க ஒரு வக்கீல்

ஜவுளிக்கடையில் நின்றே பொழுதைக் கழிக்கும் என் இனத்தாருக்குத் தெரியும், சாயங்காலம் கால்களைவிட அதிகமாக வலிப்பது சிரித்துச் சிரித்து ஓய்ந்த வாய்தான்.

பூக்கூடை

தென்காசியில் எங்கள் கடையில் வேலை பார்க்கும் பெண்களுக்கு மெரூன் சேலை, பொட்டு, தலையில் மல்லிகை என்று விதி. பூவைக் கடையே கொடுக்கும். என் வீட்டுக்காரர் இறந்து, விடுப்பு முடிந்து நான் திரும்பிய காலையில் பூக்கூடை என்னைத் தாண்டிப் போனது. முகூர்த்தப் பட்டுப் பிரிவில் நின்ற என்னை மாடியில் போர்வை, துண்டுப் பிரிவுக்கு மாற்றினார்கள். அழுகையைவிடக் கோபம்தான் அதிகம் வந்தது. ஏனென்று கேட்டேன். மேனேஜர் அண்ணாச்சி என் முகத்தைப் பார்க்கவில்லை.

"கல்யாணச் சேலை எடுக்க வாரவங்க முகம் சுளிக்காங்கம்மா. பூவெல்லாம் இனி எதுக்கு?"

இலவச உதவி

குற்றாலத்தில் நனைந்தவர்கள் சீசனில் துண்டு கேட்டு மாடிக்கு வருவார்கள். மற்ற மாதங்களில் மின்விசிறியும் நானும்தான். பட்டின் முந்தியை உதறி விரிக்கும்போது கல்யாணப்பெண்ணின் முகம் மலருமே, அதைப் பார்க்காமல் எனக்கு இருப்பே கொள்ளவில்லை. கோர்ட் வளாகத்திலுள்ள சட்ட உதவி மையத்துக்குப் போனேன். வக்கீலம்மா கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"எல்லாரும் கடை விதிய எதுத்துத்தான் வருவாங்க. விதிப்படி நடக்க விடலைன்னு வந்தது நீங்க ஒருத்திதான்."

சாட்சி

யாராவது சாட்சி சொன்னால் நல்லது என்றார். பட்டுப் பிரிவில் என்னோடு ஒரே டப்பாவில் சாப்பிட்ட செல்வியக்காவிடம் கேட்டேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிடித்த வேகத்திலேயே விட்டும்விட்டாள்.

"ஏட்டி, ஒனக்காக அழுதேன், பொய்யில்ல. ஆனா என்னயக் கூப்பிடாத. மகளுக்கு இப்பதான் மாப்பிள்ள பாக்கோம்."

மறுபடியும் பட்டு

சாட்சி இல்லாமலே வக்கீல் நோட்டீஸ் போனது. எல்லாப் பெண்களுக்கும் என்று கடையே போட்ட விதி, எனக்கு மட்டும் எப்படி மாறும் என்று கேட்டிருந்தார். முதலாளி இறங்கி வந்தார். பூக்கூடை என் முன்னால் நின்றது. மதியம் சாப்பிடும்போது என் பக்கத்தில் மட்டும் யாரும் உட்காரவில்லை.

அன்று இலஞ்சியிலிருந்து ஒரு கல்யாணப்பெண்ணும் அவள் அம்மாவும் வந்தார்கள். அரக்குப் பட்டை உதறி விரித்தேன். பெண்ணின் முகம் மலர்ந்தது. அம்மாவுக்கு என்னைப் பிடித்துப் போயிற்று.

"ராசியான கைம்மா ஒனக்கு. நீயே இவ தோள்ல போட்டு விடு. ஒன் வீட்டுக்காரரு என்ன வேலை பாக்காரு?"

வக்கீலம்மா எழுதிய நோட்டீஸில் எல்லாமே இருந்தது, இதற்கு நான் சொல்ல வேண்டிய பதிலைத் தவிர.