கயிறு கட்டி இடித்த கக்கூஸ்

எங்கள் வீட்டுக் கொல்லையில் மேலே கான்கிரீட் தளம் போட்ட கக்கூஸ் ஒன்று இருந்தது. பெண் வீட்டார் வீடு பார்க்க வருகிறார்கள் என்று என் கல்யாணத்துக்கு முன்னால் அப்பா அவசரமாகக் கட்டியது. கல்யாணம் முடிந்ததும், கிணறு பக்கத்தில் இருக்கிறது, தண்ணீர் கெட்டுப்போகும் என்று சொல்லிவிட்டார். பீங்கான்மேல் பலகை போட்டு மூடி, யூரியா மூட்டைகளை அடுக்கினோம். ஒருநாளும் யாரும் அதில் ஒதுங்கியதில்லை. மணலூர்பேட்டைப் பக்கம் இதெல்லாம் அதிசயமில்லை.

தளத்தில் கம்பி துருப்பிடித்து சிமெண்ட் பெயர்ந்து விழ ஆரம்பித்ததும் போன மாசம் இடிக்க ஆள் வைத்தேன். நான் பயந்த சுபாவம். மூட்டைகளைக் காலி செய்து, ஒயரைக் கழற்றி, தளத்துக்கு அடியில் சவுக்குக் கழியால் முட்டுக் கொடுக்கச் சொன்னேன். தளத்தின்மேல் யாரும் ஏறக் கூடாது, சாரத்தில் நின்று ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக உடைக்க வேண்டும், சுவரெல்லாம் அப்புறம்தான் என்று மேஸ்திரியின் உயிரை எடுத்தேன். சுற்றிலும் கயிறு வேறு கட்டினேன்.

"இன்னாங்க, அரமணையா இடிக்கிறோம்?" என்று மேஸ்திரி சிரித்தார்.

தளம் ஒரு சேதாரமும் இல்லாமல் இறங்கியது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. இடிபாட்டை வாரிவிட்டு மேஸ்திரி அந்தப் பலகையைப் புரட்டினார். பீங்கான் வெள்ளை வெளேரென்று இருந்தது. கடைக்காரன் ஒட்டிய காகிதம்கூடக் கிழியவில்லை.

"புதுசா கீதே. யாருமே போவலியா?"

நான் பதில் சொல்வதற்குள் என் மனைவி டீத் தூக்கோடு கயிற்றைத் தாண்டிக் காலை வைத்தாள்.

"உள்ள வராத. செவுரு சும்மா நின்னுக்கினு கீது. மேல வுழுந்தா இன்னா ஆவும்?" என்று பதறிக் கத்தினேன்.

காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். பீங்கானைப் பார்த்தாள், அப்புறம் என்னைப் பார்த்தாள். குரலை உயர்த்தவில்லை.

"நம்ம பொண்ணு வயசுக்கு வர்ற வரிக்கும் நானு இருட்டுல கரும்புக் கொல்லைக்குத்தான போய்க்கினு இருந்தேன். பாம்பு கெடக்கும். ஆம்பளைங்க பீடி குடிச்சிக்கினு நிப்பாங்க. அங்க நீங்க கவுறு கட்டலியே."

மேஸ்திரி வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று எனக்குத் தெரியவில்லை. கிணற்றைச் சாக்குச் சொல்லவும் வழியில்லை. அது வற்றிப் பல வருஷமாகிறது. மகளுக்காக வீட்டுக்குள்ளேயே கக்கூஸ் கட்டத் தெரிந்தவன், இவளுக்காக நாலு மூட்டையை எடுத்து வெளியே போடவில்லை. அவளும் கேட்டதில்லை என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். கேட்க விட்டோமா என்பது இப்போதுதான் உறைத்தது. கூசிப்போய் நின்றேன்.

தூக்கைக் கயிற்றுக்கு வெளியிலேயே வைத்துவிட்டு, "ஆறிடப் போவுது, குடிங்க" என்று போய்விட்டாள்.

"இத ஒடச்சிடலாங்களா, எடுத்து வைக்கவா?" என்று பீங்கானைக் காட்டிக் கேட்டார் மேஸ்திரி. அவளைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

இன்னும் கேட்கவில்லை. அது கொல்லையில்தான் கிடக்கிறது. துணி காயப்போட அவள் தினமும் அதைத் தாண்டித்தான் போகிறாள்.