ஆறு மேசை ஸ்பானிஷ்

நேற்று மருமகள் அடுப்பில் பூண்டு வதக்கிக்கொண்டே கைப்பேசியில் ஸ்பானிஷ் படித்துக்கொண்டிருந்தாள். சிறுசேரியில் அவள் ஆபீஸுக்கு ஸ்பெயின் நாட்டு வேலை வந்திருக்கிறதாம். முடிந்துபோன காரியத்தைச் சொல்ல வினைச்சொல்லை எப்படி மாற்றுவது என்பது பாடம். கைப்பேசி ‘அப்லே’ என்றது. நான் பேசினேன் என்று அர்த்தம். கூடத்தில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்த நான் சும்மா இருப்பேனா? “அப்லாஸ்தே, அப்லோ, அப்லாமோஸ், அப்லாஸ்தெய்ஸ், அப்லாரோன்!” நீ பேசினாய் தொடங்கி அவர்கள் பேசினார்கள் வரைக்கும் ஒரே மூச்சு.

கரண்டியோடு ஓடி வந்தாள். “மாமா! இதெல்லாம் உங்களுக்கு எப்டித் தெரியும்?”

அஞ்சாங் கிளாஸோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன்தான். ஆனால் தொண்ணூறுகளில் மாமல்லபுரம் கடற்கரையில் பூண்டு இறால் என்றால் என் கீற்றுக் கொட்டகைதான். மற்றவன் வறுத்ததெல்லாம் ரப்பர். நான் சொல்லவில்லை, வெள்ளைக்காரர்கள் சொன்னது. அந்தக் கொட்டகையில் ஆறு மேசை. ஸ்பானிஷை எனக்குள் ஏற்றியது அந்த ஆறு மேசைகள்தான்.

ஏற்றிவிட்டவர் ரோசா அம்மா. ஸ்பெயினில் பள்ளிக்கூட டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். குளிர்காலம் வந்தால் கணவர் மிகேலோடு வந்து இரண்டு மாதம் தங்குவார். மிகேல் வாயைத் திறப்பது இறால் தின்ன மட்டும்தான். நான் அரைகுறை ஸ்பானிஷில் நேற்றையும் நாளையையும் இன்றைக்கே நடப்பதுபோல் பேசுவது அந்த அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. அட்டவணை எழுதிக் கொடுத்தார். அதை மடித்து ஆடுகிற மேசைக்கால் அடியில் வைத்துவிட்டேன். அதைப் பார்த்ததும் வேறு வழி கண்டுபிடித்தார். முதல் மேசை நான், இரண்டாவது நீ, மூன்றாவது அவர், அப்புறம் நாங்கள், நீங்கள், அவர்கள். ஒவ்வொரு மேசைக்கும் ஒரு வால், அதாவது வினைச்சொல்லின் கடைசி எழுத்துகள். தினம் ஒரு வினைச்சொல். துண்டால் துடைத்துக்கொண்டே போகவேண்டும். எந்த மேசையோ அந்த வாலை ஒட்டிச் சொல்லவேண்டும்.

“இன்னா மாமா, மேசைக்கு மந்திரம் ஓதிகினு கீற? பேய் கீய் பூந்துகிச்சா?” என்பான் என் மச்சான் ஏழுமலை. ஃபைபர் படகு வைத்திருந்தவன்.

ஒரு ஜனவரி மாதம் மிகேலுக்குக் கடலுக்குள் போய்ப் பார்க்கவேண்டும் என்று ஆசை. “நம்ம கடலா? தைமாசம் குளம் மாதிரி கெடக்கும்” என்று பீற்றிக்கொண்டு, விடியற்காலையில் நானே ஏழுமலை படகில் ஏற்றிவிட்டேன். நாஸ்தாவுக்கு வந்துவிடவேண்டியவர்கள், மத்தியானம் ஆகியும் வரவில்லை. தேடப்போன படகுகள் வெறுமனே திரும்பின. ரோசா அம்மா மூன்றாவது மேசையில் காபியைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார். என் பெண்டாட்டி அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். என் முகத்தை இரண்டு பேருமே பார்க்கவில்லை. ஒருத்தியின் புருஷனையும் இன்னொருத்தியின் தம்பியையும் அனுப்பியவன் நான்தானே.

நாலு மணிக்கு எஸ்டிடி பூத் காதர் பாயின் ஆள் வந்து கூப்பிட்டான். ஓடினேன். தெருமுனையிலேயே பாய் எதிரே வந்து கத்தினார்: “ஏறிட்டாங்க அண்ணாத்த! ரெண்டு பேரும் கரை ஏறிட்டாங்க! எஞ்சின் பூட்ச்சாம். கடப்பாக்கம் வரிக்கும் நீரோட்டம் இஸ்துகினு போச்சாம். உன் மச்சான் அங்க குந்திகினு சோறு துன்றானாம்!”

எங்கள் கரையில் அப்படித்தான். கடல் சேதி கொண்டுவருகிறவன் முதலில் ‘கரை ஏறிட்டான்’ என்று சொல்லவேண்டும். எஞ்சினும் காற்றும் அப்புறம். கதையை முதலிலிருந்து ஆரம்பித்தால், முடிவு வருவதற்குள் கேட்கிறவள் உயிர் போய்விடும்.

கொட்டகைக்கு ஓடி வந்து என் பெண்டாட்டிக்குச் சொல்லிவிட்டேன். ரோசா அம்மாவிடம் திரும்பினேன். இங்கிலீஷும் வரவில்லை, ஸ்பானிஷும் வரவில்லை. அவர் எழுந்து நின்றுவிட்டார். தோளில் கிடந்த துண்டை எடுத்து, என் கை தானாக அந்த மூன்றாவது மேசையைத் துடைத்தது.

“யெகோ” என்றேன். வந்து சேர்ந்தார்.

அப்புறம் மிதந்தார், கத்தினார், சாப்பிட்டார் என்று எல்லாவற்றுக்கும் மூன்றாவது மேசை வாலை ஒட்டித் தள்ளினேன். பாதி தப்பு. ரோசா அம்மா அழுதுகொண்டே சிரித்தார். ஏன் கடைசிச் சேதியை முதலில் சொன்னேன் என்று பிறகு கேட்டார். சொன்னேன். நோட்டில் எழுதிக்கொண்டார்.

இரண்டாயிரத்து நாலில், ரோசா அம்மாவும் மிகேலும் வருவதற்கு முன்பே, அந்த அலை வந்தது. நான் குடும்பத்தோடு செங்கல்பட்டில் சொந்தக்காரர் வீட்டில் இருந்தேன். திரும்பி வந்தால் கொட்டகை நின்ற இடத்தில் ஈர மணல். மூன்றாம் நாள் காதர் பாய் கூப்பிட்டு அனுப்பினார். ஸ்பெயினிலிருந்து போன். ஹலோ இல்லை, பெயர் இல்லை. ரோசா அம்மா குரல், தமிழில்:

“கரை ஏறிட்டியா?”

அந்தக் கண்ணாடிக் கூண்டுக்குள் மேசை ஏது? உள்ளங்கையால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே நாலாவது மேசை வாலைத் தேடினேன். “யெகாமோஸ்” என்றேன். வந்து சேர்ந்தோம். அந்தப் பக்கம் ஒரு ஆம்பளை விம்முகிற சத்தம் கேட்டது. வாயே திறக்காத மிகேல்.

இன்றைக்கு எனக்கு மூன்று மாடி லாட்ஜ் இருக்கிறது, லிஃப்ட் வைத்தது. ஸ்பெயினிலிருந்து கார்டு வருவது நின்று பல வருஷம் ஆகிறது. பாயும் இல்லை, பூத் இருந்த இடத்தில் செல்போன் உறை விற்கிறார்கள். ஆறு மேசைகளும் எந்தக் கடலடியில் கிடக்கின்றனவோ. நேற்று ராத்திரி சாப்பிட்டு முடித்துச் சாப்பாட்டு மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

“விடுங்க மாமா, எத்தினி வாட்டி தொடைப்பீங்க?” என்றாள் மருமகள்.

ஆறு வாட்டி, அம்மா.