கராத்தே வகுப்பில் அப்பா

வெறுங்கால் அந்த நீல ரப்பர் விரிப்பில் ஒட்டிக்கொண்டு, எடுக்கும்போது 'சப்' என்று சத்தம் வரும். கூடவே வினாகிரி விட்டுத் துடைத்த வாடையும், கீழேயிருந்த டோனட் கடையின் சீனி மணமும் சேர்ந்து மூக்கில் ஏறும். தொண்ணூறுகளின் நடுப்பகுதியில், ரொறன்ரோவின் மல்வேர்ன் பகுதியில், எங்கள் வீட்டுக்கு எதிரே இருந்த கடைத்தொகுதியான பிளாசாவின் மேல்மாடியில், சனிக்கிழமை காலைகளில் நான் கராத்தே பழகினேன். அப்போது எனக்குப் பதினொரு வயது. பள்ளிக்கூடத்தில் என் பின்னலைப் பிடித்து இழுத்த இரண்டு பெண்பிள்ளைகளை மனதில் வைத்துக்கொண்டுதான் சேர்ந்தேன். வீட்டில் அதைச் சொல்லவில்லை.

பழக்கியவர் டேவ் என்ற வெள்ளைக்காரர். இளமையில், ரொறன்ரோவுக்கு வந்து குடியேறிய ஒரு யப்பானியரிடம் கற்றவராம். அவர் 'இச்சி, நி, சான்' என்று யப்பானிய மொழியில் எண்ண, தமிழ்ப் பிள்ளைகளும் ஜமேக்காப் பிள்ளைகளும் பிலிப்பைன்ஸ் பிள்ளைகளுமாக நாங்கள் காற்றைக் குத்துவோம். சுவரில் மாட்டியிருந்த அந்த யப்பானியரின் படத்துக்குத் தலைகுனிந்த பிறகே வகுப்புத் தொடங்கும். அதைக் கேள்விப்பட்ட அம்மா, "நீ ஆரைக் கும்பிடுறாய்? உது பாவம் எல்லே?" என்று கேட்டதோடு நிற்காமல், தேவாலயத்தில் ஞாயிறு பூசை முடிந்ததும் பங்குச் சுவாமியிடமும் விசாரித்தார். அது வெறும் மரியாதைதான் என்று சுவாமி சொல்லியும் அம்மா முழுதாக நம்பவில்லை.

அப்பாவின் சந்தேகம் வேறு விதமானது. தொழிற்சாலையில் இரவு 'ஷிஃப்ட்' முடிந்து, நித்திரை கொள்ளாமல் நேரே வந்து, பின்சுவரோரம் இருந்த மடக்குக் கதிரையில் ஜாக்கெட்டைக்கூடக் கழற்றாமல் இருப்பார். மற்றப் பெற்றோர் தங்கள் பிள்ளைகளைப் பார்ப்பார்கள். அப்பா டேவையே பார்த்துக்கொண்டிருப்பார். டேவ் யாரைத் தனியே கூப்பிட்டுக் கதைக்கிறார், எந்தப் பிள்ளையின் தோளில் தட்டுகிறார், வாசலில் யார் வந்து நிற்கிறார்கள் என்று ஒன்றையும் விடமாட்டார். "வெள்ளைக்காரன், யப்பான்காரன்ர அடியை எங்கட பிள்ளையளுக்கு ஏன் பழக்கிறான்? உவனுக்கு என்ன லாபம்?" என்று வரும் வழியெல்லாம் கேட்பார். டேவும் ஒருநாள், "உன் அப்பாவுக்கு என்மேல் ஏதும் கோபமா?" என்று என்னிடம் ஆங்கிலத்தில் கேட்டார்.

அந்த வருடப் பங்குனியில், பக்கத்து நகரமான ஒஷாவாவில் ஒரு போட்டி வந்தது. பிள்ளைகளை பஸ்ஸில் கூட்டிப்போவதாக இருந்தது. பெயர், விலாசம், பெற்றோரின் ஒப்பம் எல்லாம் கேட்டு ஒரு தாள் தந்திருந்தார்கள். "பேர் விலாசமெல்லாம் எழுதிக் குடுக்கேலாது" என்று அப்பா தாளைத் திருப்பித் தந்துவிட்டார். இரண்டு நாள் அழுது பார்த்தேன். மூன்றாம் நாள், எல்லாவற்றையும் நானே நிரப்பி, அப்பாவின் ஒப்பத்தையும் நானே போட்டுக் கொடுத்தேன்.

சிறுபிள்ளை எழுத்து டேவுக்குப் பிடிபடாமலா போகும்? அடுத்த சனிக்கிழமை, தாளோடு நேரே அப்பாவின் கதிரையடிக்குப் போய், இது உங்கள் ஒப்பமா என்று கேட்டார். அப்பா தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அடி விழப்போகிறது என்று நினைத்தேன். அவரோ எழுந்து நின்று, "நான் சொல்லுறதை அப்பிடியே இங்கிலீசில சொல்லு. கூட்டாதை, குறைக்காதை" என்றார்.

"என்ர தம்பியும் ஊரில இப்பிடித்தான் பள்ளிக்கூட வளவுக்குள்ள கராட்டி பழகப் போனவன். பதினாறு வயசு. பழக்க வந்தவங்கள் முதல்ல பேர் விலாசம் எழுதி எடுத்தவங்கள். பிறகு 'ரெயினிங்' எண்டு இயக்கத்துக்குக் கூட்டிக்கொண்டு போட்டாங்கள். அவன் திரும்பி வரேல்லை."

எனக்கு இப்படியொரு சித்தப்பா இருந்தார் என்பதே அந்த நிமிடத்தில்தான் தெரிந்தது. ஊரில் ஆயுதம் ஏந்திப் போராடிய இயக்கம் என்பதற்கு ஆங்கிலத்தில் என்ன சொல்வதென்று தெரியவில்லை. அப்பாவின் தம்பி கராத்தே பழகப் போனார், திரும்பி வரவில்லை என்று மட்டும் சொன்னேன்.

டேவின் முகம் வெளிறிப்போனது. "தலையில் அடிபட்டுவிட்டதா?" என்று கேட்டார்.

அதை அப்பாவுக்குச் சொன்னேன். அப்பா டேவின் முகத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "உவனுக்கு ஒண்டும் தெரியாது" என்றார் மெல்ல. அந்தக் குரலில் ஏளனம் இல்லை. ஏதோ பாரம் இறங்கியது போலிருந்தது. டேவிடம் பேனையை வாங்கி, நான் போட்ட ஒப்பத்தை வெட்டிவிட்டுத் தன் ஒப்பத்தைப் போட்டார். ஆனால் விலாசம் எழுதியிருந்த வரியை மட்டும், ஒரெழுத்தும் தெரியாதபடி மை தீட்டி அழித்தார். "நானும் பஸ்ஸில வருவன் எண்டு சொல்லு."

ஒஷாவாவில் முதல் சுற்றிலேயே தோற்றுப்போனேன். அப்பாவுக்கு அது ஒரு பொருட்டாகவே படவில்லை. போகும்போதும் வரும்போதும் பஸ் வாசலில் நின்று, ஏறுகிற பிள்ளைகளை ஒவ்வொருவராக எண்ணினார். திரும்பி வரும் வழியில், யன்னலுக்கு வெளியே பார்த்தபடி, தானாகவே சொன்னார்: "அன்ரன் எண்டு பேர். உன்னைவிட உயரத்துக்குக் கால் தூக்குவான்."

அந்தப் பிளாசாவை இடித்துவிட்டார்கள். அங்கே இப்போது உயர்ந்த அடுக்குமாடி நிற்கிறது. வேறு இடங்களில் கராத்தேயும் ரேக்வொண்டோவும் நடக்கின்றன. தமிழ்ப் பெற்றோர் வெள்ளைச் சீருடைப் பிள்ளைகளை வாசலில் இறக்கிவிட்டு, காரின் இயந்திரத்தைக்கூட நிறுத்தாமல் திரும்பிப் போகிறார்கள். யார் பழக்குகிறார் என்று எட்டிப் பார்ப்பவர்கள் குறைவு.

அப்பா இறந்து ஆறு வருடமாகிறது. அம்மா கலியாணம் செய்து வருமுன்பே சித்தப்பா இயக்கத்துக்குப் போய்விட்டார். அவருடைய படமும் எங்களிடம் கிடையாது. அவரை நேரில் கண்ட ஒருவரும் இப்போது எங்கள் வீட்டில் இல்லை.