ஒரு வாரம் பொறுக்கச் சொன்ன வியாபாரி

தங்கை மகனின் காதுகுத்துக்குத் தாய்மாமன் சீராகப் புலிநகச் சங்கிலி போடுவது எங்கள் குடும்ப வழக்கம். அதை விற்கக் கூடாதென்று சட்டம் வந்த புதிது. வண்டிப்பெரியார் எஸ்டேட்டில் வேலை பார்க்கும் நான், குமுளியில் ஒரு வியாபாரியிடம் ரகசியமாகக் கேட்டேன்.

"ஒரு வாரம் பொறுங்க, புதுசாவே தாரேன்" என்றார். எனக்குச் சந்தோஷம்தான்.

விசேஷத்தன்று, எங்களுக்குத் தேன் கொண்டுவரும் மலைவாசிப் பெண் ராக்கம்மா, பிள்ளையின் கழுத்தைப் பார்த்ததும் பாதிச் சாப்பாட்டில் இலையை விட்டு எழுந்துவிட்டாள்.

"போன வாரம் எங்க குடிக்கு மேல காட்டுல கண்ணி வச்சு ஒரு தாய்ப்புலியக் கொன்னுட்டாங்கண்ணே. காலுல ஒரு நகங்கூட இல்ல. குட்டி இன்னும் கத்திக்கிட்டுத் திரியுது. எங்களுக்குப் புலி கூடப் பொறந்த மாதிரி."

கடையில் கிடந்த பழைய நகத்தைப் புதுச் சங்கிலியில் கோக்கத்தான் அந்த ஒரு வாரம் என்று நினைத்திருந்தேன்.

இப்போது சீருக்கு வெள்ளி அரைஞாண்தான் செய்கிறேன். சொந்தத்தில் யாராவது புலிநகம் தேடினால், வியாபாரிக்கு அந்த ஒரு வாரம் எதற்குத் தேவைப்பட்டது என்று சொல்கிறேன்.