நீலக் காரில் இருந்த உளவாளி

எனக்குப் பன்னிரண்டு வயதான அந்த இலையுதிர்காலத்தில், குளித்துவிட்டு வந்த என்னை அம்மா ஜன்னலருகே திருப்பி நிறுத்தினார். இடது முழங்கைக்கு மேலேயும் விலாவிலும் கன்றிப்போயிருந்தது. தொடையில் ஒரு உள்ளங்கை அகலத்துக்கு நீலம் பாரித்திருந்தது.

"உது எப்பிடி வந்தது?"

பந்து விளையாடியதால் என்றேன். அது பொய் இல்லை. வாரத்தில் இரண்டு மாலை ஃபூட்பால் விளையாடப் போகிறேன் என்று வீட்டில் சொல்லியிருந்தேன். எந்த ஃபூட்பால் என்று ஒருவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. நான் விளையாடியது அமெரிக்கக் கால்பந்து. ஹெல்மெட்டும் தோள்கவசமும் போட்டுக்கொண்டு, முட்டை வடிவப் பந்தை இடுக்கியபடி ஒருவர் ஓட, எதிரணி முழுவதும் அவர்மேல் விழுந்து மடக்குகிற விளையாட்டு. நாங்கள் இருந்த ஒஸ்லோ புறநகரான புருசெத்தில் எங்கள் வகுப்புப் பையன்கள் சிலர் அதில் சேர்ந்தபோது, ஓட்டத்தில் அவர்களை நான் முந்துவதால் என்னையும் இழுத்துக்கொண்டு போனார்கள். அணியில் பெண் பிள்ளை நான் ஒருத்திதான்.

அம்மா நம்பவில்லை. பள்ளியில் யாரோ என்னை அடிக்கிறார்கள் என்று முதலில் சந்தேகப்பட்டார். பிறகு, பள்ளிக்கூடத் தாதி கண்டால் வீட்டில் அடிக்கிறார்கள் என்று நினைத்துவிடுவாளே என்று பயந்தார். அந்த நாட்களில் எங்கள் கட்டடத்துத் தமிழ் வீடுகள் எல்லாவற்றிலும், பிள்ளைகளை அரசாங்கம் பிரித்துக்கொண்டுபோய்விடும் என்ற அந்தப் பயம் இருந்தது. அப்பாவிடம் சொன்னால் விளையாட்டே நின்றுபோகும். ஆகவே, என்னைப் பின்தொடர்ந்து பார்க்கும்படி மாமாவிடம் சொன்னார்.

மாமா அம்மாவின் தம்பி. நோர்வேயின் வடகோடியில், பாட்ஸ்பியோர்ட்டில் மீன் வெட்டும் தொழிற்சாலையில் பல வருடங்கள் வேலை செய்துவிட்டு ஒஸ்லோவுக்கு வந்து, எங்களுடன் தங்கியிருந்தார். விடியற்காலையில் பேருந்து ஓட்டுவார். பின்னேரங்களில் சும்மா இருப்பார். பால் பெட்டியில் அச்சடித்த திகதியையே இரண்டு தடவை வாசித்துவிட்டு, பிறகு மணந்தும் பார்க்கிற மனிதர். சந்தேகப்படுகிற வேலைக்கு அவரைவிடப் பொருத்தமானவர் எங்கள் குடும்பத்தில் இல்லை.

எங்கள் பயிற்சியாளர் உயரமான, சிவந்த முகத்து நோர்வேஜியர். இளவயதில் அமெரிக்காவில் ஒரு வருடம் படித்தவராம். முதல் நாளே எங்கள் கைகளை விரித்துக் காட்டச் சொன்னார். இந்தச் சின்னக் கைகளால், இந்த மழையில், பந்தை எறியவும் முடியாது, பிடிக்கவும் முடியாது என்றார். ஆகவே எங்கள் அணி எறியாது, ஓடும். நடுவில் நிற்பவன் பந்தை வாங்கியதும் அவனுக்குப் பின்னால் மூன்று பேர் மூன்று திசையில் ஓடுவோம். ஒருவரிடம்தான் பந்து இருக்கும். மற்ற இருவரும் ஒரு கையை மார்புக்கும் ஒரு கையை வயிற்றுக்கும் குறுக்கே மடித்து, வெறும் வயிற்றைப் பொத்திக்கொண்டு, பந்து தம்மிடம்தான் இருப்பது போல ஓட வேண்டும்.

பயிற்சியின்போது அவர் முதுகைக் காட்டி நிற்பார். பந்து கைமாறியதும் திரும்பி, யாரிடம் இருக்கிறது என்று ஊகிப்பார். ஊகம் பிழைத்தால் அவர் தண்டால் எடுக்க வேண்டும். வெறும் வயிற்றோடு ஓடுவதில் என்னை மிஞ்ச ஆளில்லை. "உன் முகத்தைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது" என்று பாராட்டுவார். பந்தில்லாமலே என்னை நாலு பேர் மடக்கி விழுத்துவார்கள். அந்த நேரத்தில் பந்தோடு மறுபக்கம் ஓடிப்போகிறவன் எமிர்.

எமிர் பொஸ்னியாவிலிருந்து வந்த குடும்பத்துப் பையன். எங்களுக்கு அடுத்த கட்டடத்தில் இருந்தான். அதிகம் பேசமாட்டான். அந்த வசந்தகாலம்வரை பள்ளத்தாக்கின் மறுபக்கத்து அணியில் விளையாடியவன். பருவத்தின் கடைசி ஆட்டம் எங்களுக்கு அந்த அணியோடுதான்.

ஒரு செவ்வாய்க்கிழமை, மைதானத்துக்கு மேலே சரளைக்கல் தரிப்பிடத்தில் மாமாவின் நீலக் கார் நிற்பதைக் கண்டேன். பக்கக் கண்ணாடியைக் கறுப்பு டேப்பால் ஒட்டியிருந்ததால் தூரத்திலிருந்தே தெரிந்தது. மாமா இருக்கையில் தாழ்ந்து இருந்து, பனிப்புகார் படிந்த கண்ணாடியை விரலால் துடைத்துத் துடைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்று வீட்டில் பெரிய பூசை நடக்கும் என்று நடுங்கிக்கொண்டு போனேன். ஒன்றும் நடக்கவில்லை. அம்மா கேட்டதற்கு மாமா, "பிள்ளை ஓடி விளையாடுது. வேற ஒண்டுமில்லை" என்றார். அதுதான் எனக்குச் சந்தேகத்தைத் தந்தது. மாமா அப்படி விட்டுவிடுகிற ஆள் இல்லை.

அடுத்த பயிற்சிக்கும் வந்தார். அதற்கு அடுத்ததற்கும். இப்போது மடியில் ஒரு கொப்பியும் கையில் பேனையும் இருந்தன.

பயிற்சியாளரும் பார்த்துவிட்டார். மறுபக்கத்து அணி உளவாளி அனுப்பியிருக்கிறது என்று சந்தேகப்பட்டார். உளவாளியைக் குழப்ப, அன்று எங்களைப் பந்தெறியச் சொன்னார். ஒருவராலும் பிடிக்க முடியாத பந்துகளை ஒரு மணிநேரம் எறிந்தோம். காருக்குள் மாமா இன்னும் வேகமாக எழுதினார்.

பயிற்சி முடிந்ததும் பயிற்சியாளர் எங்களை வட்டமாக நிற்கவைத்தார்.

"அந்த மனிதரை உங்களில் யாருக்காவது தெரியுமா?"

அவர் குறிப்பாக ஒருவரையும் பார்க்கவில்லை. ஆனால் பையன்கள் எல்லோரும் எமிரைப் பார்த்தார்கள். அங்கிருந்து வந்தவன் அவன்தானே. அவனுடைய பழைய கூட்டாளிகள் எல்லோரும் அந்த அணியில்தானே.

நான் குனிந்து, அவிழாத சப்பாத்து நாடாவை அவிழ்த்துக் கட்டினேன். என் மாமா என்று சொல்லியிருக்கலாம். சொன்னால், என் வீட்டார் என்னைக் கண்காணிக்க ஆள் அனுப்புகிறார்கள் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். பயிற்சியாளர் போய்க் கதைப்பார். கதை வீட்டுக்குப் போகும். அப்பா நிறுத்திவிடுவார். நிமிர்ந்தபோது எமிர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். சனிக்கிழமைகளில் அதே காரிலிருந்து நானும் மாமாவும் அரிசி மூட்டை இறக்குவதை அவன் எத்தனையோ தடவை கண்டிருக்கிறான். ஒருமுறை கதவைப் பிடித்தும் உதவியிருக்கிறான்.

"எனக்குத் தெரியாது" என்றான்.

ஒருவரும் நம்பவில்லை. அதற்குப் பிறகு வரிசையில் அவனுக்கு அடுத்ததாக ஒருவரும் நிற்கவில்லை. அவனுடைய தண்ணீர்ப் போத்தலை யாரோ சேற்றில் கவிழ்த்துவிட்டார்கள். நடுவில் நிற்பவன் அவனிடம் பந்தைக் கொடுக்காமல் வேறு ஆளுக்குக் கொடுத்தான். ஒரு கிழமை பொறுத்துவிட்டு, அவன் தன் ஹெல்மெட்டைப் பயிற்சியாளரின் வாசலில் வைத்துவிட்டுப் போனான் என்று கேள்விப்பட்டோம். குற்றம் உறுதியாகிவிட்டது என்று பையன்கள் பேசிக்கொண்டார்கள். நானும் தலையை ஆட்டினேன்.

எமிரின் இடம் எனக்குக் கிடைத்தது.

கடைசி ஆட்டத்தில் முதல் முறையாகப் பந்தோடு ஓடினேன். எதிரணி எங்கள் ஓட்டம் ஒன்றையும் முன்கூட்டி அறிந்திருந்ததாகத் தெரியவில்லை. வெறும் வயிற்றோடு ஓடியவனை ஐந்து பேர் துரத்தினார்கள். முடிவதற்குச் சற்று முன் எனக்கு முன்னால் வெறும் புல்வெளிதான் இருந்தது. அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

"ஓடு பிள்ளை, ஓடு. கரையாலை போ, கரையாலை."

மாமா காரைவிட்டு இறங்கி, கொப்பியை ஆட்டிக்கொண்டு, எனக்குச் சமாந்தரமாகக் கோட்டோரம் ஓடிவந்துகொண்டிருந்தார். நான் எல்லைக்கோட்டைத் தாண்டி விழுந்தேன். நாங்கள் வென்றோம். எழுந்தபோது பயிற்சியாளர் மாமாவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

மாமாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. வடக்கு மீன்பிடி ஊரின் இழுவையோடு தன் நோர்வேஜிய மொழியில் பயிற்சியாளரிடம் கொப்பியை விரித்துக் காட்டினார். பக்கம் பக்கமாக வட்டங்கள், அம்புக்குறிகள், தமிழில் குறிப்புகள். உளவு பார்க்க வந்தவர் முதல் நாளே விளையாட்டில் மயங்கிவிட்டார். அதை அம்மாவிடம் சொல்ல வெட்கப்பட்டிருக்கிறார். பயிற்சியாளர் கொப்பியைப் பார்த்துச் சிரிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்தினார்.

"இவரை உனக்குத் தெரியும்" என்றார் என்னிடம்.

"ஆம்."

அவர் கொப்பியை மூடி மாமாவிடம் கொடுத்தார். அன்று மாலையே எமிரின் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டதாகப் பிறகு அறிந்தேன்.

திரும்பி வரும்போது காரில் மாமா கொப்பியைத் தட்டிக் கேட்டார். "அந்தக் கெதியா ஓடுற பொடியன் எங்கை? ரண்டு கிழமையாக் காணேல்லை."

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். மாமா ஒரு பேருந்து நிறுத்தத்தில் காரை நிறுத்தினார். பேருந்து ஓட்டுகிற ஒருவர் தன் காரை அங்கே நிறுத்தவே கூடாது.

"உன்னைக் கேக்கேக்கை நீ பேசாமல் நிண்டனியோ?"

"ஓம்."

திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே கதைத்தார்.

"ஊரில எங்களையும் ஒருக்கா ஆமிக்காரங்கள் வெயிலுக்கை வரிசையா நிப்பாட்டினவங்கள். முகத்தை மூடின ஒருத்தனை முன்னாலை இருத்தி, இவனைத் தெரியுமோ, இவனைத் தெரியுமோ எண்டு கேட்டவங்கள். அவன் தலையாட்டினால் கொண்டுபோவாங்கள்."

"உங்களுக்குத் தலையாட்டினவனோ மாமா?"

"எனக்குப் பின்னாலை நிண்டவனுக்கு."

அதற்கும் எங்கள் விளையாட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்குத் தெரியவில்லை. பின்னால் பேருந்து ஒலி எழுப்பியது. மாமா காரை எடுத்தார்.

மறுநாள் எமிரின் வீட்டு மணியை அழுத்தினேன். கையில் ஒரு பாண் துண்டோடு அவனே கதவைத் திறந்தான்.

"அது என் மாமா என்று உனக்குத் தெரியும்தானே?"

"தெரியும்."

"பிறகு ஏன் சொல்லவில்லை?"

அவன் பாணைக் கடித்து, மென்று, விழுங்கினான்.

"கேட்டால் ஆளைக் காட்டிக்கொடுக்கவேண்டுமா?" என்றான்.

அவன் அணிக்குத் திரும்பி வரவில்லை. அந்தக் குளிர்காலம் ஹேண்ட்பால் அணியில் சேர்ந்துவிட்டான். நான் யோசித்து யோசித்து, அவனுக்கு என்மேல் விருப்பம், அதனால்தான் காட்டிக்கொடுக்கவில்லை என்று முடிவு செய்தேன். அந்த முடிவோடு ஒரு மாதம் தலையை ஒழுங்காக வாரிக்கொண்டு, சுற்றுவழி என்றாலும், அவர்கள் கட்டடத்தின் முன்னாலேயே பள்ளிக்குப் போனேன். மாமா காரில் சொன்னதும் அவன் கதவடியில் சொன்னதும் ஒரே விஷயம் என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை.