கருடசேவைக் கூட்டத்தில் அப்பாவின் பெல்ட்

கணவருக்கு பெல்ட் வாங்க மகளோடு காந்தி ரோடு கடைக்குப் போயிருந்தேன். கடைக்காரர் நீட்டிய பெல்ட்டின் தோல் வாசம் மூக்கில் ஏறியதும் எனக்கு ஏழு வயதாகிவிட்டது.

அன்று பெருமாள் கோயிலில் கருடசேவை. "பெல்ட்டைக் கெட்டியா புடிச்சிக்கினு வாங்கம்மா" என்றார் அப்பா. அக்கா ஒரு பக்கமும் நான் மறுபக்கமும் பிடித்துக்கொண்டோம். திடீரென்று கூட்டம் நெருக்கியது. என் செருப்பு போனது, அக்காவின் ரிப்பன் போனது. முகத்துக்கு நேரே அந்தத் தோல் வாசம் மட்டும் இருந்தது. நாங்கள் பிடியை விடவில்லை.

வெளியே வந்ததும் அப்பா பதறித் திரும்பினார். "ரெண்டு பேரும் இருக்கீங்களா?"

"இருக்கோம்பா! உன் பெல்ட் பக்கிள்தான் முன்னாடியிலிருந்து இடுப்பு ஓரத்துக்குப் போயிடுச்சு!" என்றேன்.

அப்பா எங்கள் இருவரையும் வாரித் தூக்கிக்கொண்டு சிரித்தார்.

"எதும்மா எடுக்கலாம்?" என்று மகள் கேட்டாள்.

பெல்ட்டை இழுத்துப் பார்த்தேன். "இதான். ரெண்டு புள்ளைங்க தொங்கினாலும் தாங்கும்."